டேகேர் கட்டணத்துக்காக வேலையை விடலாமா?

சென்னை சோழிங்கநல்லூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மகப்பேறு விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது, குழந்தைக்கு நாலரை மாதம். கைக்கு வரும் சம்பளம் அவருக்கு 46,000, கணவருக்கு 58,000. மேடவாக்கத்தில் வாங்கிய வீட்டுக்கு மாதம் 31,000 இ.எம்.ஐ. போகிறது. அலுவலகம் போகும் வழியில் பார்த்த டேகேரில் மாதம் 14,500 கேட்கிறார்கள், சேர்க்கும்போது 25,000, அதில் 10,000 மட்டும் திரும்ப வரும். மாமியாருக்கு முழங்கால் வலி, அம்மா ஊரில் படுக்கையில் இருக்கும் தாத்தாவைப் பார்த்துக்கொள்கிறார். கணவர் போட்ட கணக்கு: 46,000-ல் டேகேர் 14,500, ஆட்டோ 4,500, குழந்தைக்கான இதர செலவு 3,000 போனால் மிஞ்சுவது 24,000தான், இதற்காகக் குழந்தையை யாரிடமோ விட வேண்டுமா, இரண்டு மூன்று வருஷம் வேலையை விட்டுவிடு. "அவர் சொல்வது சரியா? விடாமல் செலவைக் குறைக்க வழி இருக்கிறதா? டேகேர் ஏன் இவ்வளவு விலை? வரிச் சலுகை ஏதாவது கிடைக்குமா?" இவைதான் கேள்விகள்.

கணவர் கூட்டல் கழித்தலில் தப்பு செய்யவில்லை. ஆனால் டேகேர் கட்டணத்தை ஏன் உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் கழிக்கிறார்? வீட்டுக்கடனை அப்படிக் கழிக்கிறாரா, மளிகையைக் கழிக்கிறாரா? குழந்தை இருவருக்கும்தானே. இரண்டு சம்பளமும் சேர்ந்தால் 1,04,000, அதில் 14,500 என்பது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. பாரமான தொகைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் 46,000-ல் பாதி காணாமல் போகிறது என்று பார்ப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. என்னிடம் இந்தக் கேள்வியோடு வரும் குடும்பங்களில் பெரும்பாலும் அம்மாவின் சம்பளத்தைத்தான் கட்டணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள், அப்படிப் பார்த்தால் எந்தப் பெண்ணின் வேலையும் வீண் வேலையாகத்தான் தெரியும். முதலில் அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்.

நீங்கள் வேலையை விட்டால் வீட்டுக்கு வருவது 58,000. அதில் கடனுக்கு 31,000 போனால் மீதி 27,000. அபார்ட்மென்ட் பராமரிப்பு, மளிகை, பால், மின்கட்டணம், பெட்ரோல், ஊருக்கு அனுப்பும் பணம், குழந்தையின் டாக்டர் செலவு எல்லாம் இந்த 27,000-க்குள் வர வேண்டும். மாதம் மிஞ்சும் 24,000-ஐ "அவ்வளவுதானே" என்று ஒதுக்குவதற்கு முன் இந்த 27,000-ஐ இருவரும் உட்கார்ந்து ஒரு முறை செலவு வாரியாக எழுதிப் பாருங்கள்.

அப்புறம், கைக்கு வராத பணம் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் அடிப்படைச் சம்பளம் 25,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 12 சதவீதம், அதாவது 3,000, உங்கள் பி.எஃப். பிடித்தம், நிறுவனமும் அதே 3,000 போடுகிறது (அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும்). ஆக மாதம் 6,000, வருஷத்துக்கு 72,000, உங்கள் பெயரில் சேர்கிறது. 24,000 என்ற கணக்கில் இது வரவே இல்லை. கிராஜுட்டியும் (ஐந்து வருஷம் வேலை பார்த்தவர் விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை) அப்படித்தான். நீங்கள் சேர்ந்து மூன்று வருஷம் எட்டு மாதம் ஆகிறது, மகப்பேறு விடுப்பும் தொடர்ச்சியான பணிக்காலத்தில்தான் சேரும், இன்னும் பதினாறு மாதம் இருந்தால் ஐந்து வருஷம் முடிந்து 72,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷங்களால் பெருக்கினால் வருவது அது. இப்போது விட்டால் அது கைவிட்டுப் போகும். நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் குழந்தையும் இருக்கிறது என்றால் அதுவும் போகும்.

இதைவிடப் பெரியது மூன்று வருஷம் கழித்து வருவது. வருஷத்துக்கு 8 சதவீதம் ஊதிய உயர்வு என்று வைத்துக்கொண்டால் இன்றைய 46,000 மூன்று வருஷத்தில் 58,000-ஐத் தொடும், அதே நேரம் குழந்தை எல்.கே.ஜி. போகத் தொடங்கி டேகேர் அரைநாளாகக் குறையும். விட்டுவிட்டுத் திரும்ப வருகிறவருக்கு 46,000-லேயே வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம், பலருக்கு அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கிறது. டேகேர் செலவு இரண்டரை மூன்று வருஷம் உச்சத்தில் இருந்து இறங்கிவிடும். வருமானத்தில் விழும் இடைவெளி அவ்வளவு சீக்கிரம் மூடுவதில்லை.

சரி, இப்போது செலவைக் குறைப்பதற்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டிய இடம் உங்கள் நிறுவனம். மகப்பேறு நலச் சட்டம் 1961-ல் வந்தது, 2017-ல் திருத்தினார்கள். 26 வார விடுப்பு அந்தத் திருத்தத்தில் வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும், கூடவே வந்த இன்னொரு விதி பலருக்குத் தெரியாது: ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருந்தாக வேண்டும். ஐம்பது பெண்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை, மொத்த ஊழியர் எண்ணிக்கைதான் கணக்கு. தனியாகவும் நடத்தலாம், வேறு நிறுவனங்களோடு சேர்ந்து பொதுவாகவும் நடத்தலாம். அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். இந்தச் சலுகைகளை வேலைக்குச் சேரும்போதே எழுத்து மூலமாகவும் மின்னஞ்சலிலும் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. 2025 நவம்பரிலிருந்து அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது, அதிலும் இந்தக் காப்பக விதி தொடர்கிறது. மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் காப்பகம் வேலையிடத்திலிருந்தோ வீட்டுப் பகுதியிலிருந்தோ 500 மீட்டருக்குள் இருப்பது நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள்.

சட்டத்தின் அந்தப் பிரிவில், கட்டணத்தை யார் தருவது என்று வெளிப்படையாக எழுதவில்லை. நிறுவனங்கள் நழுவுவது அங்கேதான். ஏதோ ஒரு டேகேரோடு ஒப்பந்தம் போட்டு "பத்து சதவீதம் தள்ளுபடி" என்று முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு, முழுக் கட்டணத்தையோ பாதியையோ ஏற்கிறவர்களும் உண்டு. கேட்டால்தான் தெரியும். ஆகவே இந்த வாரமே எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், நேரில் பேசினால் போதும் என்று விடாதீர்கள். சட்டப்படியான காப்பக வசதி எங்கே இருக்கிறது, கட்டணத்தில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, நான் பார்த்து வைத்திருக்கும் டேகேரையே ஒப்பந்தத்தில் சேர்க்க முடியுமா என்று மூன்றையும் மரியாதையாக, தெளிவாகக் கேளுங்கள். உங்கள் அலுவலகத்தில் சின்னக் குழந்தை வைத்திருக்கும் இன்னும் நாலு பேர் இருந்தால் சேர்ந்து அனுப்புங்கள், தனியாகப் போகும் கோரிக்கையைத் தள்ளிப்போடுவது சுலபம். கணவர் தன் அலுவலகத்திலும் கேட்க வேண்டும், அப்பாக்களுக்கும் இந்த உதவியைத் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன, கேட்க வெட்கப்பட்டே பல ஆண்கள் அதை விட்டுவிடுகிறார்கள். பதிலே வராவிட்டால் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம், ஆனால் முதல் மின்னஞ்சலிலேயே அதைச் சொல்ல வேண்டாம்.

அதே சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயம். விடுப்பு முடிந்த பிறகு வேலையின் தன்மை இடம் கொடுத்தால் நிறுவனமும் நீங்களும் பேசி முடிவு செய்து வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்காக நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. வீட்டிலிருந்து வேலை என்றதும் டேகேரே தேவையில்லை என்று கணக்குப் போடாதீர்கள். தவழும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு எட்டு மணிநேரம் வேலை செய்ய முடியாது. இரண்டையும் ஒருவரே சுமந்தால் உடம்பு கெடும், வேலையும் கெடும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கிடைத்தால் ஆட்டோ செலவு குறையும், பாலூட்ட வசதி, அதற்காக வாங்குங்கள்.

டேகேர் ஏன் இவ்வளவு விலை என்று கேட்டிருக்கிறீர்கள். கைக்குழந்தையைப் பார்க்கும் வேலையை வேகப்படுத்த முடியாது, ஓர் ஆயா நாலைந்து கைக்குழந்தைகளுக்கு மேல் ஒழுங்காகப் பார்க்க முடியாது, ஓ.எம்.ஆர். பக்கம் தரைத்தள வீட்டு வாடகை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கட்டணம் ரொம்பக் குறைவாக இருக்கிறது என்றால் ஒன்று குழந்தைகள் நெருக்கியடித்து இருப்பார்கள், இல்லையென்றால் அந்த ஆயாவுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகாது. ஒரு ஆயா எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார், ஆயாக்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்று கேட்ட பிறகு 14,500 அதிகமா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். சொல்லாமல் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் எல்லா டேகேரும் நன்றாகத்தான் இருக்கும்.

டேகேருக்கு மாற்றாக நான் பார்த்ததில் நன்றாக நடப்பது, ஒரே அபார்ட்மென்டில் இரண்டு குடும்பம் சேர்ந்து ஓர் ஆயாவை வைத்துக்கொள்வது. மாதம் 20,000 சம்பளம் என்றால் ஆளுக்குப் பத்தாயிரம், குழந்தை வீட்டுச் சூழலிலேயே இருக்கும், ஆட்டோவில் காலையிலும் மாலையிலும் அலைய வேண்டாம். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பாருங்கள், உங்களைப் போலவே தவித்துக்கொண்டிருக்கும் ஒரு அம்மா அடுத்த பிளாக்கில் இருப்பார். காவல்துறை சரிபார்ப்பு செய்யுங்கள், யார் வீட்டில் எந்த வாரம், ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன, ஒரு குடும்பம் விலகினால் எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் விடுமுறை, சம்பளத்தோடு சில நாள் விடுப்பு அவருக்கும் உண்டு என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். நம் குழந்தையைப் பார்க்க வருகிற அந்தப் பெண் தன் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருகிறார் என்று நாம் கேட்பதே இல்லை, அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பேரம் பேசி ஆயிரம் ரூபாய் குறைப்பதால் வரும் லாபம், அவர் நாலு மாதத்தில் நின்றுவிட்டால் போய்விடும்.

அங்கன்வாடி என்றாலே நடுத்தரக் குடும்பங்கள் முகம் சுளிக்கின்றன. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன, இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை சேர்க்கலாம், சாப்பாடும் முட்டையும் விளையாட்டும் உண்டு, கட்டணம் கிடையாது. முழுநாள் வேலைக்குப் போகிற உங்களுக்கு அந்த நேரம் போதாது, உண்மைதான். ஆனால் குழந்தைக்கு இரண்டு வயது ஆனதும் பகலில் அங்கன்வாடி, பிறகு ஏழு மணிவரை அந்தப் பகிர்ந்துகொண்ட ஆயா என்று சில குடும்பங்கள் சமாளிக்கின்றன. உங்கள் பகுதி மையத்தைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தடுப்பூசியும் அப்படித்தான், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பென்டா, ரோட்டா, நிமோகாக்கல் எல்லாம் இலவசம், தனியார் மருத்துவமனையில் அதற்கே ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள்.

வரிச் சலுகை பற்றி: டேகேர் கட்டணத்துக்கு வருமான வரிக் கழிவு கிடையாது. பிளேஸ்கூல், நர்சரி கல்விக் கட்டணத்துக்குப் பழைய வரி முறையில் 1.5 லட்சம் வரம்புக்குள் கழிவு உண்டு. ஆனால் புதிய முறையில் 2025-26 முதல் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை, நீங்கள் இருவரும் தனித்தனியாக அந்த வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள். அதனால் இதில் மூளையைச் செலவழிக்க வேண்டாம்.

மாத வரவு செலவில் இடம் பண்ண வேண்டியது வேறு இடத்தில். உங்கள் வீட்டுக்கடன் ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) இணைந்த மாறும் வட்டிக் கடனா என்று பாருங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஒரு சதவீதம் குறைத்தது. பல வங்கிகள் இ.எம்.ஐ.யை அப்படியே வைத்துத் தவணைக் காலத்தைத்தான் குறைத்திருக்கும். எழுதிக் கொடுத்து இ.எம்.ஐ.யைக் குறைக்கச் சொல்லலாம், இந்த மூன்று வருஷத்துக்கு உங்களுக்குத் தேவை கையில் பணம்தான். மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போட்டுக்கொண்டிருந்தால் பாதியாகக் குறையுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். குழந்தை பிறந்தது தெரிந்ததும் கல்வி பாலிசி என்று ஏஜென்டுகள் வருவார்கள், இப்போது வேண்டாம். டேகேருக்காகத் தனிநபர் கடனும் கிரெடிட் கார்டு தவணையும் வேண்டவே வேண்டாம்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று. உங்களுக்கே வீட்டில் இருக்க வேண்டும் என்று தோன்றினால், அல்லது குழந்தைக்குத் தனிக் கவனிப்பு தேவைப்பட்டால், விடுங்கள், அதில் எந்தத் தாழ்வும் இல்லை. அப்போதும் ராஜினாமாவுக்கு முன் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள், விட்டே ஆக வேண்டும் என்றால் கணவர் மாதாமாதம் உங்கள் பெயரில் பி.பி.எஃப். கணக்கில் முடிந்ததைப் போட வேண்டும், ஏனென்றால் நின்றுபோவது உங்கள் சேமிப்பு மட்டும்தான், அவருடையது இல்லை. "24,000-க்காகவா" என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் விடாதீர்கள்.

பல டேகேர்கள் ஆறு மாதம் ஆன பிறகுதான் சேர்ப்பார்கள், உங்களுக்கு அதில் சில வாரம் இடைவெளி விழும். அதற்கு மாமியாரை ஒரு மாதம் மட்டும் வரச் சொல்லுங்கள், கூடவே மேல்வேலைக்கு ஓர் ஆளையும் வையுங்கள், முழங்கால் வலியோடு அவர் குழந்தையைத் தூக்கி நடக்க முடியாது. இன்னொன்று, டேகேர் போகத் தொடங்கிய முதல் சில மாதங்கள் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் மாறி மாறி வரும், காய்ச்சல் இருந்தால் அவர்கள் சேர்க்க மாட்டார்கள், கட்டணத்தையும் குறைக்க மாட்டார்கள். அந்த நாட்களில் முதல் விடுப்பு யார், அடுத்தது யார் என்பதை வேலைக்குத் திரும்புவதற்கு முன்பே இருவரும் காலண்டரில் பெயர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், முதல் முறை கணவருடையதாக இருக்கட்டும்.