டெராஹெர்ட்ஸ் ஆய்வுக்கு ஃபெம்டோநொடி லேசர் எதற்கு?

நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட டெராஹெர்ட்ஸ் அலைகளை ஆராய்பவர்கள் ஏன் மிகக் குறுகிய துடிப்புகளைத் தரும் ஃபெம்டோநொடி லேசரையும் சிலிக்கான் போன்ற குறைக்கடத்தியையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்துறை ஆய்வகத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

ஒரு டெராஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு ஒரு லட்சம் கோடி அதிர்வுகள். ஓர் அதிர்வுக்குக் கிடைப்பது ஒரு பிக்கோநொடி, அதாவது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு மட்டுமே; ஃபெம்டோநொடி அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. மின்சுற்றுகள் அந்த வேகத்தில் திணறும். 1975-இல் பெல் ஆய்வகத்தின் டேவிட் ஆஸ்டன், சிலிக்கானில் லேசர் துடிப்பைப் பாய்ச்சி, விடுபடும் எலக்ட்ரான்களைக் கொண்டு மின்னோட்டத்தைப் பிக்கோநொடிகளில் திறந்துகாட்டினார். சிலிக்கானில் அந்த எலக்ட்ரான்கள் விரைவில் அடங்குவதில்லை என்பதால், ஓட்டத்தை நிறுத்த இன்னொரு துடிப்பு தேவைப்பட்டது. பிற்பாடு வந்த, தாழ்ந்த வெப்பநிலையில் வளர்க்கப்பட்ட காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியில், படிகக் குறைபாடுகளே எலக்ட்ரான்களை ஒரு பிக்கோநொடிக்குள் பிடித்துவிடுகின்றன. அவ்வளவு வேகமாக எழுந்து அடங்கும் மின்னோட்டம் டெராஹெர்ட்ஸ் அலையை உமிழும்.

என்னைக் கவர்ந்தது அலையை உண்டாக்குவதைவிட அதை அளக்கும் முறைதான். ஒரே லேசர் துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அலையை உண்டாக்கும் உமிழிக்கும் மற்றொன்றை அதைப் பெறும் உணரிக்கும் அனுப்புகிறோம். இரண்டாவது துடிப்பு விழும் கணத்தில் மட்டுமே உணரி கடத்துவதால், அக்கணத்தின் மின்புலம் சிறு மின்னோட்டமாகப் பதிவாகிறது. அத்துடிப்பின் பாதையில் அதை எதிரொளிக்கும் ஆடியை 0.15 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தினால் அக்கணம் ஒரு பிக்கோநொடி தள்ளிப்போகும். இப்படிப் புள்ளி புள்ளியாக அலையின் வடிவமே கிடைத்துவிடுவதால், ஒரு பொருளின் ஒளிவிலகல் எண்ணையும் (அலையை அது எவ்வளவு மெதுவாக்குகிறது), உட்கவர்தலையும் (எவ்வளவு உறிஞ்சுகிறது) ஒருசேரக் கணக்கிடலாம். அலையின் செறிவை மட்டும் அளக்கும் கருவியால் இது நேரடியாக இயலாது.

சாதாரண அறைக் காற்றில் அளந்தால், முதன்மைத் துடிப்புக்குப் பின்னால் நீண்ட சிற்றலைகள் தொடரும். அவை காற்றிலுள்ள நீராவி மூலக்கூறுகள் தூண்டப்பட்டுத் திரும்ப உமிழ்பவை. கருவியைப் பெட்டியால் மூடி உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்தினால் அவை ஒவ்வொன்றாகத் தேய்ந்து, நிறமாலையில் 0.557 டெராஹெர்ட்ஸில் நீராவியால் விழுந்திருந்த பள்ளமும் நிரம்பிவிடும்.

பாதுகாப்புச் சோதனை, படமெடுத்தல் ஆகியவற்றைப் பற்றித்தான் செய்திகள் அதிகம் பேசுகின்றன. குறைக்கடத்திக்குள்ளேயே நடப்பதைக் காட்டியதுதான் இக்கருவியின் பெரிய சாதனை என்பது என் கருத்து. 2001-இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ரூபர்ட் ஹூபரும் ஆல்ஃபிரட் லைட்டன்ஸ்டார்ஃபரும் அவர்களது குழுவினரும், லேசர் துடிப்பால் காலியம் ஆர்சனைடில் எலக்ட்ரான்களையும், அவை விட்டுச்சென்ற வெற்றிடங்களான துளைகளையும் உண்டாக்கி, டெராஹெர்ட்ஸ் துடிப்பால் அவற்றைத் தொடர்ந்து கவனித்தார்கள். தொடக்கத்தில் தனித்தனி மின்னூட்டங்களாக நடந்துகொண்ட அவை, ஒன்றின் புலத்தை மற்றவை சூழ்ந்து மட்டுப்படுத்தும் கூட்டமாக மாறுவதற்கு ஏறத்தாழ 100 ஃபெம்டோநொடிகள் எடுத்துக்கொண்டன.