அரிட்டாபட்டிப் பக்கத்துப் பெண் சுரங்கம் படிக்கலாமா?

அண்ணே, போன வாரம் நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம்னு நரசிங்கம்பட்டியில இருந்து தல்லாகுளம் வரைக்கும் போன ஆளு நான். எம் மகளையே சுரங்கம் படிக்க அனுப்புனா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்று கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். பாப்பா எதுவும் பேசாமல் மார்க் ஷீட் கவரின் ஓரத்தை மடக்கி மடக்கி நீவிக்கொண்டிருந்தாள். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் இன்னும் நாலு வீட்டில் இதே கேள்வி இருக்கும், அதனால் உங்களிடம் கேட்டுக்கொண்டு இங்கேயே எழுதுகிறேன், பெயரும் ஊரும் சொல்லாமல்.

என் பதில்: படிக்கட்டும். உங்கள் ஊர்ப் பெண் படிப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சுரங்கம் படித்தால் ஏதோ ஒரு கம்பெனிக்குப் போய் மலையை உடைப்பதுதான் வேலை என்று நினைக்கிறோம். அதுவும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பாப்பா என்னிடம் கேட்டது அரசு ஆராய்ச்சி நிறுவனங்களைப் பற்றி. ஜார்க்கண்டில் உள்ள தன்பாத்தில், மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆரின் மத்தியச் சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1956இல் தொடங்கிய சுரங்க ஆய்வகத்தையும் பழைய எரிபொருள் ஆய்வகத்தையும் 2007இல் ஒன்றாக இணைத்து உருவாக்கியது. கோலார் தங்க வயலில் 1988இல் தொடங்கிய தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இப்போது பெங்களூருவில் இருக்கிறது. புவனேஸ்வரத்திலும் ஜாம்ஷெட்பூரிலும் கனிமத்தைப் பிரித்தெடுக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. இவை சுரங்கத்தைத் தடுக்க வந்த நிறுவனங்கள் இல்லை, தோண்டுவதற்கும் உதவுகிறவைதான். ஆனால் கூரை இடிந்து விழாமல் இருக்க என்ன செய்வது, வாயு எங்கே சேர்கிறது, வெடி வைத்தால் பக்கத்து வீடு எவ்வளவு ஆடும் என்கிற கேள்விகளுக்கெல்லாம் அளந்து பதில் சொல்வது இவர்கள் வேலை.

அந்தக் கடைசிக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். குவாரி வெடியில் சுவர் விரிசல் விட்டது என்று நீங்கள் மனு கொடுத்ததையும், "பழைய வீடுன்னா அப்படித்தான்" என்று திருப்பி அனுப்பியதையும் சொன்னீர்கள். அண்ணே, அதற்கு ஓர் அளவு இருக்கிறது. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997இல் போட்ட சுற்றறிக்கைப்படி, வெடி அதிர்வில் தரை ஆடும் வேகத்தைக் கருவி வைத்து அளக்கிறார்கள். மெதுவான அதிர்வாக இருந்தால், அதாவது நொடிக்கு எட்டு முறைக்கும் குறைவாக ஆடினால், சுரங்கக்காரருக்குச் சொந்தமில்லாத சாதாரண வீட்டுக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர்தான் எல்லை. பழமையான கோயில், நினைவுச்சின்னம் என்றால் 2 மில்லிமீட்டர். அரிட்டாபட்டிக் குடைவரையையும் சமணர் படுக்கையையும் நினைத்துக்கொண்டு இந்த 2ஐப் படியுங்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு வெடிமருந்து, குழிக்குக் குழி எத்தனை மில்லிசெகண்ட் இடைவெளி என்று இந்த எண்ணிலிருந்துதான் பின்னோக்கிக் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு தெரிந்த ஒருத்தி ஊரில் இருந்திருந்தால் உங்கள் மனு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

அப்புறம் தூசி. பதினாறு வருடம் ஜாக்ஹாமர் பிடித்தேன், மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வேன் என்றீர்கள். கண்ணுக்குத் தெரிகிற தூசியைத்தான் துண்டு பிடிக்கும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்கே தெரியாத துகள், கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் உடைந்து வருவது. அதனால் வரும் சிலிகோசிஸ் என்கிற நுரையீரல் நோய் வந்தால் போகாது. ஆனால் வராமல் தடுக்கலாம். துளை போடும்போதே கம்பி வழியாகத் தண்ணீரைச் செலுத்தினால் தூசி அங்கேயே சேறாகிவிடும். இவ்வளவு எளிய வழி இருந்தும் குவாரிகளில் காய்ந்த கல்லிலேயே துளை போட்டார்களே என்று நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை. நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இருமலுக்கு டாக்டரிடம் போகும்போது "குவாரியில இத்தன வருஷம் துளை போட்டேன்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். டி.பி.யும் சிலிகோசிஸும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தெரியலாம், தொழிலைச் சொன்னால்தான் அவர்களுக்குப் பிடி கிடைக்கும்.

நீங்கள் வெளியே டீ குடிக்கப் போனபோது நானும் பாப்பாவும் ஒரு வேலை செய்தோம். பென்சில் முனையை பிளேடால் சுரண்டி, அந்தக் கரித்தூளோடு கொஞ்சம் மணலைக் கலந்து, தண்ணீர் தம்ளரில் மெல்லத் தூவினோம். மணல் அடியில் போய் உட்கார்ந்தது. கரித்தூளில் பெரும்பகுதி மேலேயே பளபளவென்று படர்ந்து நின்றது, விரலால் தொட்டதும் விரலோடு வந்தது. கிராஃபைட்டுக்குத் தண்ணீர் ஒட்டாது. சிவகங்கையில் நம் அரசின் டாமின் நிறுவனம் கிராஃபைட் எடுக்கிறதே, அங்கேயும் இதே தத்துவம்தான்: பாறையை மாவாக அரைத்து, தண்ணீர்த் தொட்டியில் விட்டு, சொட்டு எண்ணெய் சேர்த்துக் காற்றை ஊதினால் கிராஃபைட் குமிழியில் ஒட்டி நுரையோடு மேலே வரும், வேண்டாத கல் கீழே தங்கும். நுரையை வழித்தெடுத்துத் திரும்பத் திரும்ப இதையே செய்து சுத்தம் கூட்டுகிறார்கள். பாப்பா உடனே கேட்டாள்: "கீழ தங்குற கல்லு, தண்ணியெல்லாம் எங்க போகும்?" கனிமப் பிரிப்பு ஆராய்ச்சியில் பாதி அந்தக் கேள்விதான். அவள் யாரும் சொல்லிக் கொடுக்காமல் அதைக் கேட்டாள், அண்ணே.

2023இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்கள் பட்டியலில் கிராஃபைட்டும் இருக்கிறது, டங்ஸ்டனும் இருக்கிறது. பேட்டரிக்கு கிராஃபைட் வேண்டும், அந்தப் பேட்டரி ஆராய்ச்சியைச் செய்கிற சிஎஸ்ஐஆரின் மின்வேதியியல் நிறுவனம் நம் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் இருக்கிறது. ஆகவே, இந்தத் துறை என்றாலே வடக்கே போக வேண்டும் என்பதில்லை.

சரி, வழியைச் சொல்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. சுரங்கவியல் இருக்கிறது, வழக்கமான பொறியியல் கலந்தாய்வு மூலமாகவே சேரலாம். பாப்பா ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். ஜேஇஇ எழுதியிருந்தால் தன்பாத் ஐஐடி, சூரத்கல் என்ஐடி. சுரங்கவியல் கிடைக்காவிட்டால் உலோகவியல் எடுக்கட்டும், சேலம் அரசு பொறியியல் கல்லூரியிலும் திருச்சி என்ஐடியிலும் இருக்கிறது. கனிமப் பிரிப்புக்கு அந்தக் கதவு வழியாகவும் போகலாம், கெமிக்கல் இன்ஜினியரிங் வழியாகவும் போகலாம். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் நிலவியல் படித்து, எம்.எஸ்ஸி. முடித்து, யூபிஎஸ்சி தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குப் போவது இன்னொரு பாதை. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் "ஆறு மாத சேஃப்டி டிப்ளமோ" நோட்டீஸை நீங்கள் போட்டோ எடுத்துக் காட்டினீர்கள். அது வேறு. நான் சொல்லும் வேலைகளுக்கு அது செல்லாது, அதற்கு நகையை அடகு வைக்காதீர்கள்.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். விஞ்ஞானிப் பணியிடங்கள் கொஞ்சம்தான். பி.இ. முடித்து, கேட் (GATE) தேர்வு எழுதி, எம்.டெக்., பி.எச்டி. என்று போனால் முப்பதை நெருங்கிவிடும், உறவுக்காரர்கள் கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஆராய்ச்சி மாணவியாக இருக்கும்போது, நெட் தேர்வு வழியாக உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், அதனால் வீட்டுக்குப் பாரமாக இருக்க மாட்டாள். தன்பாத் போனால் இந்தி கற்றுக்கொள்ள வேண்டும், ரயிலிலேயே இரண்டு ராத்திரி போய்விடும். பெண்களை நிலத்தடியில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றுதான் பல காலம் சட்டம் இருந்தது. 2019இல்தான் தொழில்நுட்ப, மேற்பார்வை வேலைகளுக்குக் காலை 6 முதல் மாலை 7 வரை என்று திறந்துவிட்டார்கள். அதனால் அவளுக்கு மேலே சீனியர் அக்காக்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

இன்னொரு வேலையையும் அவள் மனதில் போட்டு வைத்திருக்கிறேன். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் ஆய்வாளர். 1902இல் தொடங்கிய துறை அது. சட்டப்படி குவாரியும் சுரங்கம்தான், அதனால் நீங்கள் துளை போட்ட மாதிரி இடத்துக்குள்ளேயே போய், தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. சுரங்கவியல் பட்டம், முதல் வகுப்பு மேலாளர் சான்றிதழ், கொஞ்சம் அனுபவம், பிறகு யூபிஎஸ்சி. நீண்ட பாதைதான். "அந்த வேலைக்கு எங்கப்பா மாதிரி ஆளுங்கள்ட்ட போய் பேசணுமா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் கவரை மடக்குவதை நிறுத்தினாள்.

செப்டம்பர் 26 சிஎஸ்ஐஆர் தொடங்கிய நாள், அதையொட்டி ஆய்வகங்களை மாணவர்கள் பார்க்கத் திறந்து விடுவது வழக்கம். காரைக்குடிக்கு நீங்களும் கூடப் போய் வாருங்கள். அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வாருங்கள், கலந்தாய்வுக்கு எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று உட்கார்ந்து முடிவு செய்வோம். சாதிச் சான்றிதழும் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றும் வேண்டும். உங்கள் எக்ஸ்ரே கவரையும் அதோடு எடுத்து வாருங்கள், தோப்பூர் நெஞ்சக மருத்துவமனைக்கு நானும் கூட வருகிறேன்.