சோப்பு இல்லாத காலத்துல துணிய எப்படித் துவைச்சாங்க?

கே: சோப்பு, பவுடர் எதுவும் இல்லாத காலத்துல துணிய சும்மா தண்ணியில அலசிட்டு விட்டுட்டாங்களா? எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் எப்படிப் போச்சு?
(வாசகி, திண்டுக்கல்)

ப: வெறும் தண்ணிக்குப் பிசுக்கு அசையாதுங்க, அதுக்குக் காரம் வேணும், மொளகாக் காரம் இல்ல, வேதியியல்ல ஆல்கலின்னு சொல்றது. நம்ம பக்கம் அது தரையிலயே கெடந்துச்சு. வெயில் காலத்துல மண்ணு மேல வெள்ளையா பூத்துக் கெடக்குமே, உவர்மண்ணு, அதுல சோடா உப்பு இருக்கு. புறநானூறு 311ஆவது பாட்டுல இப்படி உவர் பூத்த களர் நிலத்துல கிணறு தோண்டி தினமும் துணி வெளுக்கறது வருது, தெரிஞ்சேதான் அந்த எடத்தைப் பாத்துத் தோண்டிருக்காங்கன்னு எனக்குத் தோணுது. வெள்ளாவியும் இதே கணக்குதான், உவர்மண் கரைச்ச தண்ணியில துணிய முக்கிப் பிழிஞ்சு, கொதிக்கற பானை மேல அடுக்கி ராத்திரி பூரா ஆவியில வேக விடுவாங்க, காரமும் சூடும் சேர்ந்து துணியில இருக்கற கொழுப்பையே சோப்பா மாத்திடும், காலையில ஆத்துல கல்லுல நாலு அடி அடிச்சா அழுக்கு தன்னால வந்துரும், பேன், கிருமி எல்லாம் காலி!

ரோம்காரங்க என்ன பண்ணாங்கன்னு கேட்டா சாப்பிடும்போது படிக்காதீங்க. பழைய மூத்திரம்! நாள் ஆக ஆக அதுல அமோனியா உண்டாகும், அதுவும் காரம். தொட்டியில ஊத்தி, ஆளுங்க உள்ள எறங்கிக் காலால மிதிச்சாங்க, பொம்பேயி நகரத்துல அந்தத் தொட்டிங்க இன்னிக்கும் இருக்கு. கி.பி. 69லேர்ந்து 79 வரைக்கும் ஆண்ட வெஸ்பாசியன் இந்த மூத்திரத்துக்கும் வரி போட்டாரு. மகன் டைட்டஸ் மூஞ்சி சுளிக்க, வரிக்காசை அவன் மூக்குக்கிட்ட நீட்டி நாறுதான்னு கேட்டாராம்.

கே: பட்டுப்புடவைக்கு மட்டும் ஏன் பூந்திக்கொட்டை?
(வாசகி, ஆரணி)

ப: பட்டு புரதம்ங்க, காட்டன் அப்படி இல்ல. காரம் புரதத்தை அரிச்சுப் பளபளப்பைக் கெடுத்துரும். பூந்திக்கொட்டையில சபோனின் இருக்கு, நுரைச்சு அழுக்கெடுக்கும், ஆனா காரம் கிடையாது.

கே: எங்க போர் தண்ணியில சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது, பவுடர் மட்டும் நுரைக்குதே?
(வாசகர், ராமநாதபுரம்)

ப: உப்புத் தண்ணியில இருக்கற கால்சியமும் மக்னீசியமும் சோப்போட ஒட்டிக்கிட்டுத் திரி திரியா ஆயிடும், அதான் பக்கெட் ஓரத்துல படியற வழவழப்பு. பவுடர்ல இருக்கறது சோப்பு இல்ல, டிடர்ஜென்ட், அது அதுங்ககிட்ட அவ்ளோ சீக்கிரம் மாட்டாது. அமெரிக்காவுல 1946ல டைட், நம்ம நாட்டுல 1959ல சர்ஃப்னு வந்தாலும் அதை வாங்கினது வசதியானவங்கதான், 1969ல அகமதாபாத்ல கர்சன்பாய் படேல் நிர்மாவை சைக்கிள்ல வச்சு வித்த பிறகுதான் பவுடர் சாதாரண வீட்டுக்குள்ள வந்துச்சு. நீங்க சோப்புதான் போடுவேன்னா, மொதல்ல அந்தத் தண்ணியில கொஞ்சம் சலவை சோடா கரைச்சு விடுங்க, கால்சியம் அடியில படிஞ்சிரும், தெளிஞ்ச தண்ணிய எடுத்து அப்பறம் சோப்பு போடுங்க. காட்டனுக்கு மட்டும் சார், வீட்டுல இருக்கற பட்டை முக்கிட்டு எனக்கு லெட்டர் போடாதீங்க.