100 நாள் வேலையில் ஒரு நாளுக்கு 336 ரூபாய் என்கிறார்கள். கோத்தகிரி பக்கம் வேலைக்குப் போகும் என் அத்தைக்கு ஏன் குறைவாக வருகிறது?

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் (2005) கீழ், 2025-26 நிதியாண்டில் தமிழகத்திற்கு மத்திய அரசு அறிவித்த நாள் ஊதியம் 336 ரூபாய்; முந்தைய ஆண்டில் அது 319 ரூபாய். ஆண், பெண் இருவருக்கும் இதே தொகைதான்.

ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தாலே இத்தொகை முழுவதும் வங்கிக் கணக்கில் ஏறிவிடும் என்று எண்ணக் கூடாது. மண் வேலைகளில், குழுவினர் வெட்டிய மண்ணின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்து, அந்த அளவுக்கேற்பவே கூலி கணக்கிடப்படுகிறது. ஒரு மணி நேர ஓய்வு உட்பட எட்டு மணி நேரம் உழைப்பவர் முழு ஊதியம் பெறும்படியே பணி விகிதம் (எவ்வளவு வேலைக்கு எவ்வளவு கூலி என்ற கணக்கு) அமைய வேண்டும் என்றும், நில அமைப்புக்கேற்ப அது மாறுபட வேண்டும் என்றும் சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. தேயிலைச் சரிவில், வேரும் கல்லுமாகக் கிடக்கும் மண்ணில் தடுப்புக் குழி வெட்டுபவருக்குச் சமவெளியின் இளகிய மண்ணுக்கான அளவை வைத்தால் கூலி குறையத்தான் செய்யும். என் பார்வையில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அளவுப் புத்தகத்தில் எந்த மண் வகை பதியப்பட்டுள்ளது என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

வேலைத்தளம் குடியிருக்கும் ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் 10 விழுக்காடு கூடுதல் ஊதியம் உண்டு. மலைப்பாதையில் இது சிறிய தொகையன்று.