இந்த வருஷம் கஞ்சி வரவில்லை

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 67. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் திண்டுக்கல். இரண்டு மகள், ஒரு மகன். மூன்று பேரையும் கடன் வாங்கித்தான் படிக்க வைத்தேன். மூத்த மகள் என்னோடு பேசி நாலு மாதம் ஆகிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வாட்ஸ்அப்பில் எனக்கு வந்த ஒரு செய்தியை நாலைந்து குரூப்பில் போட்டேன். முஸ்லிம்கள் வீட்டுக்குப் பத்துப் பிள்ளை பெறுகிறார்கள், இன்னும் இருபது வருஷத்தில் அவர்கள்தான் பெரும்பான்மை, அவர்கள் எல்லோருக்கும் விசுவாசம் வேறு நாட்டின் மேல்தான் என்று அதில் இருந்தது. நான் எழுதியது இல்லை. வந்தது, அனுப்பினேன். குடும்ப குரூப்பில் அத்தனை பேர் முன்னாலும் மகள், "அப்பா, இதை எடுங்க, அசிங்கமா இருக்கு" என்று போட்டாள். பெற்ற அப்பனிடம் பேசும் பேச்சா இது? மருமகன் அதற்குக் கட்டைவிரல் வேறு போட்டார். மறுநாள் இரண்டு பேரும் குரூப்பை விட்டே போய்விட்டார்கள்.

நான் மதவெறி பிடித்தவன் இல்லை. கூட வேலை பார்த்த பாய் ஒருவர் முப்பது வருஷமாக எனக்கு உயிர் நண்பர். பேகம்பூர்க்காரர். நான் மாமா என்பேன், அவர் மாப்ளே என்பார். அவருக்கு இரண்டு பெண்கள். இரண்டு கல்யாணத்திலும் பந்தியில் நின்று பரிமாறினேன். என் மகனுக்கு டைபாய்டு வந்தபோது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் அவர். இப்படிப் பழகிய என்னைப் பார்த்து மகள் அசிங்கம் என்று சொல்லலாமா?

மகனிடம் சொன்னால் "விடுங்கப்பா" என்கிறான். மனைவியும் மகள் பக்கம்தான். பழைய ஆபீஸ் குரூப்பிலும்தான் அதைப் போட்டேன், அங்கே ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. பாயும் அதில் இருக்கிறார். படித்தவர்கள் பட்டியலில் ராத்திரி 9.40க்கு அவர் பெயர் வந்தது, அவரே ஒன்றும் சொல்லவில்லை. இந்த ரம்ஜானுக்கு அவர் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வரவில்லை, உடம்பு சரியில்லையோ என்னவோ. போன வருஷத்துத் தூக்கே இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை விடுங்கள். பெற்ற மகள் ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறாள். தூக்கமே வருவதில்லை. மகளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள ஐயா,

மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் 9.40 மணியைப் பற்றிப் பேச வேண்டும்.

குரூப்பில் போட்ட செய்தியை யார் படித்தார்கள் என்று தெரிய வேண்டுமென்றால், அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, 'இன்ஃபோ'வைத் தொட்டு, பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். தற்செயலாகக் கண்ணில் படாது. நீங்கள் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். அத்தனை பெயர்களில் ஒரே ஒரு பெயரின் நேரம் நாலு மாதம் கழித்தும் நினைவில் நிற்கிறது. உங்கள் தூக்கம் மகளால் மட்டும் கெடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

"அவரே ஒன்றும் சொல்லவில்லை" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறீர்கள். அவர் என்ன சொல்ல முடியும்? கோபப்பட்டால் "பார்த்தாயா, இவர்களே இப்படித்தான்" என்றாகும். விளக்கினால், கோடிக்கணக்கான பேருக்காகப் பரீட்சை எழுதுகிற நிலைமை. சிரித்துவிட்டுப் போனால் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. இப்படி மாட்டிக்கொண்டவர் பெரும்பாலும் விலகித்தான் போவார். கஞ்சி வராததுதான் அவருடைய பதில் என்று நினைக்கிறேன்.

முப்பது வருஷம் பழகியும் அந்தச் செய்தியை அனுப்ப எப்படிக் கை வந்தது என்று நீங்களே உங்களைக் கேட்டிருப்பீர்கள். மனம் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நல்லவர் ஒருவரைப் பார்த்தால் "பாய் வேற, மத்தவங்க வேற" என்று அவரை மட்டும் வெளியே எடுத்துவிட்டு மறுபடி வேலியை அடைத்துக்கொள்ளும். கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே இதற்கு 'வேலியைத் திரும்பப் போடுதல்' என்று பெயர் வைத்தார். விதிவிலக்கு என்று ஒருவரை ஒதுக்கிவிட்டால், எவ்வளவு நெருங்கிப் பழகினாலும் அந்தப் பழக்கம் மற்றவர்களைப் பற்றிய எண்ணத்தைத் தொடாது.

இன்னொன்றும் உண்டு. 1976இல் ஹாமில்டன், கிஃபோர்ட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவைப் பற்றி 26 வாக்கியம், இன்னொரு குழுவைப் பற்றி 13. இரண்டிலும் நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே விகிதம், 9க்கு 4. ஆனாலும் படித்தவர்கள் சிறிய குழுவைத்தான் மட்டமாக மதிப்பிட்டார்கள். அரிதாகப் பார்க்கும் ஆளும் அரிதாக நடக்கும் தப்பும் சேர்ந்து வந்தால் மனதில் அழுத்தமாகப் பதிந்துவிடுகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம். மற்ற 94 பேரில் ஒருவன் திருடினால் அவன் பெயர் சொல்கிறோம். இந்த ஆறு பேரில் ஒருவன் திருடினால் மதத்தைச் சொல்கிறோம்.

பத்துப் பிள்ளைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 1992-93இல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 குழந்தைகள். 2019-21இல் 2.4. அதே காலத்தில் இந்துப் பெண்களுக்கு 3.3 என்பது 1.9 ஆனது. இடைவெளி பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பெண் படிப்பும் மருத்துவ வசதியும் எங்கே பரவியதோ அங்கே எல்லா மதத்திலும் எண்ணிக்கை இறங்குகிறது. அதனால்தான் அதே 2019-21 ஆய்வில் எல்லா மதத்தவரையும் சேர்த்துப் பார்த்தால் பீகாரில் 3.0, தமிழ்நாட்டில் 1.8. இவ்வளவு தூரம் போவானேன்? உங்களுக்கு மூன்று பிள்ளைகள், அவருக்கு இரண்டு. அனுப்புகிற பொத்தானைத் தொடும்போது இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல.

அவரை அதிகம் சுட்டது பிள்ளைக் கணக்காக இருக்காது. விசுவாசம் வேறு நாட்டின் மேல் என்ற வரிதான். உங்களோடு அதே அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து, அதே சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர் அவர். "நான் எழுதியது இல்லை" என்கிறீர்கள். அந்தச் செய்திக்கு மேலே அவர் ஃபோனில் தெரிந்தது மாப்ளேயின் பெயர். இதில் உங்கள் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை, ஐயா.

சரி, என்ன செய்யலாம்? அனுப்பிய செய்தியை எல்லோருக்கும் அழிக்க வாட்ஸ்அப் இரண்டு நாள் சொச்சம்தான் அவகாசம் தருகிறது. அது போய்விட்டது. ஆகவே எங்கெங்கே போட்டீர்களோ அங்கெல்லாம், முதலில் ஆபீஸ் குரூப்பில், எழுதுங்கள்: "நான்கு மாதம் முன்பு முஸ்லிம்களைப் பற்றி நான் அனுப்பிய செய்தி பொய். சரிபார்க்காமல் அனுப்பியது என் தவறு. வருந்துகிறேன்." இவ்வளவு போதும். பாயின் பெயரை இழுக்க வேண்டாம். இழுத்தால் நாற்பது பேர் அவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

மறுநாள் நேரில் போங்கள். வெள்ளி மதியம் வேண்டாம், ஜும்ஆ தொழுகை நேரம். மாலையில் அஸர் தொழுகை முடிந்து, சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகைக்கு முன்னால் போனால் ஆற அமர உட்காரலாம். "உங்களைச் சொல்லலை மாமா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு அது ஆறுதல். அவருக்கு, அவருடைய பெண்களையும் அண்ணன் தம்பியையும் சொன்னதாக அர்த்தம். "தப்பா எடுத்துக்கிட்டா மன்னிச்சிடுங்க" என்பதும் ஆகாது, அது பழியை அவர் மேல் வைக்கிறது. "நான் அனுப்பினது தப்பு, மாமா" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கே பழையபடி சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மகளுக்குப் புரிய வைக்க எதுவும் இல்லை. அவளும் அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்த பெண்தான். நீங்கள் குரூப்பில் எழுதியதும் பேகம்பூர் போனதும் அம்மா வழியாக அவளுக்குப் போய்ச் சேரும்.

போகும்போது ஸ்வீட் பாக்ஸ் வாங்க வேண்டாம். அலமாரியில் இருக்கும் தூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது. அதில் என்ன வைத்துக் கொடுப்பது என்று உங்கள் மனைவிக்குத் தெரியும்.