கடிதத் தலைப்பை முதலில் பாருங்கள்

கேள்வி:

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 47 வயது. செந்தூலில் குடியிருக்கிறேன். கோலாலம்பூரில் உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மையத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தேன். ஹாக்கி திடலைப் பராமரிப்பதும் மகளிர் அணிக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பொறுப்பு. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஓராண்டு ஒப்பந்தம் தருவார்கள், கையெழுத்திடுவேன். கடந்த டிசம்பர் நடுவில் நான்கு வரியில் ஒரு கடிதம் வந்தது. செலவைக் குறைக்க ஆட்குறைப்பு செய்வதாகவும், என் ஒப்பந்தம் 31ஆம் தேதியோடு முடிவதாகவும் அதில் எழுதியிருந்தது. கருணைத் தொகையாக ஒரு மாதச் சம்பளம், 2,600 ரிங்கிட், தருகிறார்களாம். அதற்கு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு தாளில் நான் கையெழுத்திட வேண்டுமாம். ஆனால் ஜனவரி இரண்டாம் வாரமே மணிக்கணக்குச் சம்பளத்துக்கு ஓர் இளைஞரை அதே திடலில் வைத்துவிட்டார்கள். மையத் தலைவர், ‘மேல்முறையீடு எழுதிக் கொடுங்கள், மார்ச் கூட்டத்தில் பார்க்கலாம்’ என்கிறார். அரசுப் பல்கலைக்கழக ஊழியருக்குத் தொழிலியல் நீதிமன்றம் போக வழியே இல்லை என்கிறார் என் நண்பர். என் அண்ணன் மகளும் அந்த அணியில்தான் ஆடுகிறாள். மாணவிகள் துணைவேந்தருக்கு மனு எழுதப் போகிறார்களாம். அவளுக்கு ஏதும் தொல்லை வருமா? திடலின் சாவிக்கொத்து இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை என்ன செய்வது?

பதில்:

ஐயா, நீங்கள் நகலெடுத்து அனுப்பிய ஒன்பது நியமனக் கடிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் ஐந்து கடிதங்களில் பல்கலைக்கழகத்தின் சின்னம் இருக்கிறது. கீழே பதிவாளர் அலுவலகத்தின் கையொப்பம். ஆறாவது கடிதத்தில் சின்னம் அப்படியே இருக்கிறது. ஆனால் அதன் கீழே, சிறிய எழுத்தில், ‘செண்டிரியான் பெர்ஹாட்’ (தனியார் நிறுவனம்) என்று முடியும் ஒரு நிறுவனத்தின் பெயர் புதிதாக வந்திருக்கிறது. அதன்பின் வந்த மூன்று கடிதங்களும் அந்த நிறுவனத்தின் பெயரில்தான். கடைசியாக வந்த நான்கு வரிக் கடிதமும் அப்படியே. உங்கள் கேள்வியில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதே திடல், அதே மேலாளர், அதே சம்பள நாள் என்பதால் கவனித்திருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் வழக்கு எந்த வாசல் வழியாகப் போகும் என்பதை அந்தச் சிறிய எழுத்துதான் தீர்மானிக்கிறது.

உங்கள் நண்பர் சொன்னது ஒரு பாதிக்கு உண்மை. 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, நியாயமான காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் மீண்டும் வேலை கேட்டு முறையிட வழி செய்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 52ஆவது பிரிவு, அரசு ஊழியர்களையும் சட்டபூர்வ அமைப்புகளின், அதாவது சட்டம் இயற்றி நிறுவப்பட்ட பொது அமைப்புகளின், ஊழியர்களையும் அந்த வழியிலிருந்து விலக்கி வைக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் ஒரு சட்டபூர்வ அமைப்பு. ஒரு நிறுவனத்தைப் பல்கலைக்கழகமே தொடங்கியிருந்தாலும், நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான செண்டிரியான் பெர்ஹாட் அப்படிப்பட்ட அமைப்பாகாது. ஆகவே, கடைசி நான்கு ஆண்டுகள் உங்களுக்கு முதலாளி அந்த நிறுவனம் என்றால், 20ஆவது பிரிவின் கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. கடிதங்களைப் பார்த்த அளவில், அப்படித்தான் என்று நினைக்கிறேன். சம்பளச் சீட்டிலும் ஊழியர் சேமநிதிக் கணக்கிலும் முதலாளியாக யார் பெயர் இருக்கிறது என்று இன்றே பார்த்துச் சொல்லுங்கள்.

அந்தக் கதவு அறுபது நாள்தான் திறந்திருக்கும். வேலை நீக்கம் நடந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையீடு பதிவாக வேண்டும். சனி, ஞாயிறு, தைப்பூசம், சீனப் புத்தாண்டு எல்லாம் அந்த அறுபதுக்குள் அடங்கும். ஒரு நாள் தாமதித்தாலும் இலாகா எடுத்துக்கொள்ளாது. மருத்துவச் சான்று காட்டினாலும், மன்னிப்புக் கேட்டாலும் நீட்டிக்கச் சட்டத்தில் இடமில்லை. டிசம்பர் 31 உங்கள் கடைசி நாள். பிப்ரவரியில் 28 நாள் என்றால் அறுபதாவது நாள் மார்ச் 1. அதுவரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே போங்கள்.

மையத் தலைவர் சொல்லும் மேல்முறையீடுதான் எனக்குக் கவலை தருகிறது. அவர் நல்ல எண்ணத்தோடுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் நிர்வாகத்துக்கு நீங்கள் எழுதும் மேல்முறையீடு அறுபது நாள் கணக்கை ஒரு மணி நேரம்கூட நிறுத்தாது. மார்ச் கூட்டத்தில் ‘இல்லை’ என்று பதில் வந்தால், அதற்குள் உங்கள் உரிமை போயிருக்கும். பொறுமையாகக் காத்திருந்த ஒரே குற்றத்துக்காக வெறுங்கையோடு திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல உழைப்பாளிகள், மேலதிகாரியிடம் மரியாதை வைத்தவர்கள். மேல்முறையீடு எழுத விரும்பினால் எழுதுங்கள். ஆனால் 20ஆவது பிரிவு முறையீட்டைப் பதிவு செய்துவிட்டு, அதற்கான ஒப்புகையைக் கையில் வாங்கிக்கொண்டு, பிறகு எழுதுங்கள்.

பதிவு செய்யக் கட்டணம் இல்லை. இலாகா முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். அந்தப் பேச்சில் வழக்கறிஞர் உங்களுக்காக வாதாட முடியாது. ஆகவே உங்கள் கதையை நீங்களே தெளிவாகச் சொல்லத் தயாராக வேண்டும். சமரசம் ஆகாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். முன்பு அமைச்சர் பார்த்து அனுப்பினால்தான் அங்கே போக முடியும். 2021 ஜனவரி முதல் அந்தத் தடை நீங்கிவிட்டது. வென்றால் மீண்டும் அதே வேலை கிடைக்கலாம், அல்லது அதற்கு ஈடான தொகை கிடைக்கலாம். அதோடு நிலுவைச் சம்பளமும் உண்டு. அதற்கு உச்சவரம்பு 24 மாதம். இடையில் வேறு வேலை செய்து சம்பாதித்திருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக் கழிப்பார்கள். அதற்குப் பயந்து வீட்டில் சும்மா இருக்க வேண்டாம். குடும்பம் நடக்க வேண்டும். வேலை தேடியதற்கான சான்றும் உங்களுக்குப் பயன்படும்.

இனி வழக்கின் உயிர்நாடிக்கு வருகிறேன். ‘ஒப்பந்தம் முடிந்தது, நாங்கள் யாரையும் நீக்கவில்லை’ என்றுதான் நிறுவனம் வாதாடும். அந்த வாதத்துக்கு வலு உண்டு. அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட மாட்டேன். உண்மையான தவணை ஒப்பந்தம், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான ஒப்பந்தம், அந்தத் தவணையோடு முடிந்தால் அது வேலை நீக்கம் ஆகாது. ஆனால் ‘ஓராண்டு’ என்று தாளில் எழுதிவிட்டால் மட்டும் அது உண்மையான தவணை ஒப்பந்தம் ஆகிவிடாது. 2020இல் எய்ம்ஸ் சைபர்ஜெயா என்ற நிறுவனத்தின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தீர்த்துச் சொன்னது. இரு தரப்பின் எண்ணம் என்ன, வேலைக் காலம் முழுவதும் முதலாளி எப்படி நடந்துகொண்டார், வேலையின் தன்மை என்ன என்ற மூன்றையும் பார்க்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் தொழிலாளியின் ஒப்பந்தம் பெயரளவில்தான் தவணை ஒப்பந்தம். உண்மையில் அவர் நிரந்தர ஊழியர் என்று முடிவானது.

உங்கள் நிலையை அதில் பொருத்திப் பாருங்கள். ஒருமுறையும் நீங்கள் புதிதாக விண்ணப்பிக்கவில்லை, நேர்காணலுக்குப் போகவில்லை. ஜனவரி இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான் கடிதம் வரும். ஜனவரி முதல் நாளே நீங்கள் திடலில் நின்றிருக்கிறீர்கள். ஏழாவது கடிதம் ஜனவரி 19ஆம் தேதியிட்டது. அதற்கு முந்தைய 18 நாள்கள் எந்த ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்தீர்கள்? பழைய வேலையே தொடர்கிறது என்று இரு தரப்பும் எண்ணியதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. காலை ஆறரைக்குப் போய், அந்த நீலத் திடலுக்குத் தண்ணீர் பாய்ச்சி, காய்வதற்குள் மாணவிகளை ஓடவிடும் வேலை எந்த ஆண்டும் முடிகிற வேலையா? செயற்கைத் திடல் இருக்கும்வரை அதற்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் வேண்டும்.

அந்த நான்கு வரிக் கடிதத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. முதல் வரி ஆட்குறைப்பு என்கிறது. மூன்றாவது வரி ஒப்பந்தம் முடிந்தது என்கிறது. ஒப்பந்தம் தானாக முடிந்திருந்தால் காரணம் சொல்லத் தேவையே இல்லை. ஆட்குறைப்பு என்று சொல்லிவிட்டால், அந்த வேலை உண்மையிலேயே உபரியாகிவிட்டது என்பதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். இரண்டே வாரத்தில் அதே வேலைக்கு வேறொருவரை வைத்துக்கொண்டு அதை நிரூபிப்பது மிகக் கடினம். அரசு மானியம் குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். 2017 வரவுசெலவுத் திட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களின் ஒதுக்கீடு வெட்டப்பட்டபோதும் அதன் சுமை ஒப்பந்த ஊழியர்கள் மீதே விழுந்தது. பணமில்லை என்பது ஆட்குறைப்புக்கு நல்ல காரணம்தான். ஆனால் ஒருவரை நீக்கிவிட்டு அதே வேலையை மலிவாக இன்னொருவரிடம் வாங்குவது ஆட்குறைப்பு ஆகாது. அந்த இளைஞர் மீது கோபம் வேண்டாம். அவருக்கு ஊழியர் சேமநிதி கட்டுகிறார்களா என்றுகூடத் தெரியவில்லை. நாளை அவருக்கும் இதே நான்கு வரிதான்.

ஆகவே அந்த 2,600 ரிங்கிட் தாளில் இப்போது கையெழுத்திடாதீர்கள். ‘ஆலோசனை பெற்றுவிட்டுப் பதில் தருகிறேன்’ என்று எழுத்தில் சொல்லுங்கள். கையெழுத்திட்டால் எல்லாம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாதாடுவது வெகுவாகச் சிரமமாகிவிடும். ஒரு கணக்கைப் பாருங்கள். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர் ஆட்குறைப்புக்கு ஆளானால், 1980ஆம் ஆண்டு வேலை நீக்கப் பலன் விதிகளின்படி குறைந்தபட்ச இழப்பீடு உண்டு. இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரையிலான சேவைக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள். நிறுவனத்தில் நான்கு ஆண்டு என்று மட்டும் கணக்கிட்டாலே 60 நாள் சம்பளம் வருகிறது. ஒன்பது ஆண்டும் ஒரே தொடர்ச்சி என்று ஏற்கப்பட்டால் 180 நாள். முந்தைய ஐந்து ஆண்டுகளைச் சேர்ப்பது எளிதில்லை, முதலாளி மாறியிருக்கிறார். ஆறாவது ஆண்டில் மாற்றம் பற்றி ஏதாவது சுற்றறிக்கை, கூட்டக் குறிப்பு, வாட்ஸ்அப் செய்தி வந்திருந்தால் தேடி எடுங்கள். சம்பளச் சீட்டில் வேலை காப்புறுதிப் பிடித்தம் இருந்தால் பெர்கெசோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) அதற்கும் விண்ணப்பியுங்கள். அதற்கும் 60 நாள்தான்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்குக் கடைசிக் கடிதமும் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வந்திருக்கலாம். அவர்களுக்கு வழி உயர் நீதிமன்றம். முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றமே ஆராயும் நீதித்துறை மறுஆய்வைக் கேட்பதென்றால் மூன்று மாதத்துக்குள் அனுமதி மனு போட வேண்டும். ஒப்பந்த மீறல் என்று சிவில் வழக்குப் போடுவதென்றால், பொது அமைப்புகளுக்கு எதிரான வழக்குகளுக்கான காலவரம்பு 36 மாதம். இரண்டும் செலவு பிடிக்கும் வழிகள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் வருமானத்தைக் காட்டி உதவி கேட்கலாம்.

உங்கள் அண்ணன் மகளுக்கு. துணைவேந்தருக்குப் பணிவாக ஒரு மனு எழுதுவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. 1971ஆம் ஆண்டு பல்கலைக்கழகச் சட்டத்தின் பெயரைச் சொல்லி மாணவர்களை மிரட்டிய காலம் ஒன்று இருந்தது. 2011இல் நான்கு மாணவர்கள் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் ஒரு விதியை அரசமைப்புக்கு முரணானது என்று தள்ளியது; அதன்பின் சட்டமும் தளர்த்தப்பட்டிருக்கிறது. ஆனாலும் மனுவில் யாரையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். மனுவைவிட உங்களுக்கு உதவப்போவது வேறு: எந்த ஆண்டு முதல் நீங்கள் பயிற்சி கொடுத்தீர்கள், வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மணிக்கு, எந்தப் போட்டிக்கு அணியோடு பஸ்ஸில் போனீர்கள் என்று ஒவ்வொருவரும் தன் கைப்பட ஒரு பக்கம் எழுதித் தரட்டும். படித்து முடித்துப் போன பழைய ஆட்டக்காரர்கள் எழுதினால் இன்னும் நல்லது. அவர்களுக்கு அஞ்ச ஒன்றுமில்லை.

சாவிக்கொத்தை உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நிறுவனத்தின் பொருளைத் திருப்பித் தரவில்லை என்று பேச அவர்களுக்கு இடம் வைக்க வேண்டாம். ஒவ்வொரு சாவியும் எந்தப் பூட்டுக்கு உரியது என்று ஒரு தாளில் எழுதுங்கள்: பம்பு அறை, விளக்குப் பெட்டி, பந்துகள் வைக்கும் கிடங்கு, திடலின் பெரிய கதவு. இரண்டு நகல் எடுத்து, வாங்குபவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி, ஒரு நகலை என்னிடம் கொண்டுவாருங்கள். இத்தனை பூட்டுகளை நம்பி உங்களிடம் விட்டிருந்தார்கள் என்பதற்கு அவர்களே கையெழுத்திட்ட சாட்சி அது.