ஷெர்ரி பீப்பாயும் கிராண்ட் குடும்பமும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ‘ஷெர்ரி மால்ட்’ என்று பெயர்பெற்ற, முளைவித்த பார்லியில் (மால்ட்) வடிக்கும் ஸ்காட்லாந்தின் கிளென்ஃபார்கிளாஸ் விஸ்கியில் ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயினைக் கலக்கிறார்களா?

பதில்: இல்லை. ஸ்காட்ச் விஸ்கியில் நீரும் நிறத்துக்கான கேரமலும் தவிர வேறெதையும் சேர்க்கச் சட்டம் இடந்தராது. கிளென்ஃபார்கிளாஸ் அந்தக் கேரமலையும் சேர்ப்பதில்லை. அதன் செம்பழுப்பு நிறமும், உலர் திராட்சையையும் கிராம்பையும் நினைவூட்டும் மணமும் ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியிலிருந்து வரும், ஒலொரோசோ என்னும் அடர்நிற ஷெர்ரி ஊறிய ஓக் பீப்பாய்களில் பல ஆண்டுகள் கிடப்பதால் வருபவை. முற்காலத்தில் ஷெர்ரியே பீப்பாய்களில் பிரிட்டனுக்குக் கப்பலேறி வந்ததால் காலிப் பீப்பாய்கள் எளிதாகக் கிடைத்தன. 1980களில் அந்த ஏற்றுமதி முறை நின்றுபோனபின், விஸ்கிக்கென்றே பீப்பாய் செய்து, அதில் ஷெர்ரியை ஊறவைத்துப் பக்குவப்படுத்தி அனுப்புகிறார்கள். பலரும் ஒயினுக்கே எல்லாப் பெருமையையும் தருகிறார்கள். துவர்ப்பும் காரமும் மிகுந்த ஐரோப்பிய ஓக் மரத்துக்கு அதில் சரிபாதிக்கு மேல் பங்குண்டு என்பது என் கருத்து.

கேள்வி: ஒரு வடிசாலையைக் குடும்பமே நடத்துவதால் விஸ்கியின் சுவையில் என்ன வேறுபாடு வந்துவிடப் போகிறது?

பதில்: நிறையவே வரும். ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதியில், பென் ரின்னஸ் மலையடிவாரத்தில் 1836இல் உரிமம் பெற்ற கிளென்ஃபார்கிளாஸ் வடிசாலையை 1865இல் ஜான் கிராண்ட் 511 பவுண்டு 19 ஷில்லிங்குக்கு வாங்கினார். அன்றுமுதல் ஜான், ஜார்ஜ் என்னும் பெயர்களே மாறிமாறி வர, தலைமுறை தலைமுறையாக அது அவர்கள் கையில் இருக்கிறது. இடையில் பங்குதாரராகச் சேர்ந்த பாட்டிசன் என்னும் விஸ்கி வணிக நிறுவனம் 1898இல் நொடித்து, ஸ்காட்ச் தொழிலையே உலுக்கியபோதும், கடன் சுமையோடு போராடி முழு உரிமையையும் கிராண்ட் குடும்பம் மீட்டுக்கொண்டது. கைமாற்றி விட்டிருந்தால், இன்றுள்ள பழைய இருப்பு சேர்ந்தே இருக்காது: 1952 முதல் 1994 வரை ஆண்டுக்கொன்றாக 43 பீப்பாய்களை 2007இல் ‘ஃபேமிலி காஸ்க்ஸ்’ என்று அவர்களால் வெளியிட முடிந்ததற்கு, ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிப் போவதைப் பொறுத்துக்கொண்டு விற்காமல் வைத்திருந்த முன்னோரே காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாராயம் வடிக்கும் கலன்களான வாலைகளைச் சூடாக்க, பெரும்பாலான வடிசாலைகள் நீராவிக்கு மாறிவிட்டன. கிளென்ஃபார்கிளாஸிலும் 1980களில் அதைச் சோதித்தார்கள். வடிந்த சாராயத்தின் தன்மை மாறி, கனம் குறைந்ததைக் கண்டதும் கைவிட்டு, செப்பு வாலைகளுக்கு அடியில் நேரடியாகத் தீயெரிக்கும் பழைய வழிக்கே திரும்பினார்கள். செலவு கூடினாலும் சரி என்று அங்கேயே முடிவெடுக்க உரிமையாளரால் முடிந்தது. அந்தக் கனமான சாராயம்தான் ஷெர்ரி பீப்பாய்க்கு ஈடுகொடுக்கிறது. மெலிந்ததாக இருந்தால் மரச்சுவை அதை விழுங்கிவிடும்.

கேள்வி: ‘கிளென்ஃபார்கிளாஸ் 105’ என்பதில் உள்ள எண் எதைக் குறிக்கிறது?

பதில்: மதுவின் வீரியத்தைக் காட்டும் பழைய பிரிட்டிஷ் ‘புரூஃப்’ அளவை. அது 60 விழுக்காடு ஆல்கஹாலுக்குச் சமம்; ஆகவே சிறிது நீர் சேர்த்தே சுவைப்பது நல்லது.